நானே சொன்ன அளவு

எங்க அக்கா இப்ப மலைக்குக் கீழ, அமிர்தி பக்கம், பொண்ணு வூட்டுல இருக்கா. தெனம் சாயங்காலம் போன் பண்ணி இன்னா துன்ன, மழ பேஞ்சுச்சா, கோழியக் கூண்டுல அடச்சியான்னு கேப்பா. நான் ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூருக்கு இந்தாண்ட, நாங்க ரெண்டு பொண்ணுங்களும் பொறந்த வூட்டுலயே இருக்கறேன். போன வெச்சதும் வூடு கம்முனு ஆயிடும். அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் வர்றது அவ மொகம் இல்ல, அவ முதுகு. நாப்பது வயசு வரைக்கும் நான் அதிகமாப் பாத்தது அதத்தான்.

ரெண்டு வயசுல வந்த காய்ச்சல்ல எனக்கு ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. அப்போ அக்காவுக்குப் பத்து வயசு. அன்னிலேர்ந்து வூட்டுக்குள்ள நான் கையில ரப்பர் செருப்ப மாட்டிக்கிட்டுத் தரையில நகந்து போவேன். வாசல தாண்டிட்டா அக்கா முதுகுதான். உப்பு மூட்டை. பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாண வூடு, எழவு வூடு எல்லாத்தையும் அவ வலது தோளுக்கு மேலேர்ந்துதான் பாத்தேன். விளக்கெண்ணெயும் வேர்வையும் கலந்த ஒரு வாசன வரும் அவ பின்னங்கழுத்துல. மழ வந்தா நான் குடை புடிப்பேன், ஒரு குடை ரெண்டு பேருக்கும் போதும். அவளப் பொண்ணு பாக்க வந்தப்பவும், வூட்டோட வர்ற மாப்பிள்ளையா இருந்தாத்தான் கட்டிக்குவேன்னு சொல்லிட்டா. மாமாவும் ஒத்துக்கிட்டு வந்தாரு. நல்ல மனுசன், சீக்கிரமே போயிச் சேந்துட்டாரு.

என்னத் தூக்கறதுன்னா சும்மா இல்ல. மேல ஒக்காந்துக்கிட்டு நான் வாய மூடவே மாட்டேன். அந்தாண்ட கல்லு கெடக்குது, மெதுவா போ, அவகிட்ட இன்னா இவ்ளோ நேரம் பேச்சு, வெயில் ஏறுதுல்லன்னு காதுக்குள்ளயே கத்துவேன். ஒரு நாள் சந்தையிலேர்ந்து திரும்பி வர்றப்போ, வளையல்காரிகிட்ட அவ ஏமாந்துட்டான்னு மேடு ஏறற வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தேன். பாதி வழியில ஒரு பாறை மேல என்ன எறக்கி வெச்சா. "உனக்குத்தான் அவ்ளோ பெரிய வாய் இருக்குதே, அதாலயே நடந்து வா"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு போய்ட்டா.

திருப்பத்துல புளிய மரத்துக்குப் பின்னாடி அவ முந்தானி தெரிஞ்சுது. போகல, மறஞ்சு நிக்கறான்னு எனக்குத் தெரியும். நான் பாக்கறேன்னு அவளுக்கும் தெரியும். நானும் கூப்புடல, அவளும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சுத் தூறல் போட்டுச்சு. ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து முதுகக் காட்டிக் குந்துனா, நானும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறிக்கிட்டேன். இப்ப நெனச்சா அந்தப் பாறையில இன்னும் கொஞ்ச நேரம் ஒக்காந்து சண்ட போட்டிருக்கலாம்னு தோணுது.

எங்கப்பா எனக்கு ஒரு கை மிஷின் வாங்கிக் குடுத்தாரு. காலால மிதிக்க வேணாம், கையால சுத்தற மிஷின். தரையில பாய் விரிச்சு அதுல ஒக்காந்து தைப்பேன். ஜாக்கெட் தைக்கறதுல இந்தச் சுத்துப்பட்டுல என்ன மிஞ்ச ஆளில்ல. இத பெருமைக்குச் சொல்லல, யாரை வேணா கேட்டுப் பாருங்க. யாரு வந்தாலும் நான் ஒரு கணக்கு வெச்சிருந்தேன்: லூஸுக்கு ரெண்டு இஞ்ச், உள்ள மடிச்சு விட ரெண்டு இஞ்ச். இன்னிக்கு ஒல்லியா இருப்பா, நாளைக்குக் கல்யாணம் ஆவும், புள்ள பெத்துக்குவா, ஒடம்பு போடும். அப்போ எங்கிட்டதான் வருவா, தையலப் பிரிச்சு விட்டா மறுபடியும் ஒடம்புக்குச் சேந்துடும். நான் தைச்ச ஜாக்கெட்டு நெஞ்சப் புடிக்குதுன்னு யாரும் சொன்னது கெடையாது.

அக்காவுக்கு அம்பது நெருங்குனப்போ ஒரு மழக் காலத்துல அவ காலையில பாய விட்டு எழுந்திருக்கவே முடியாமப் போச்சு. வேலூருக்குக் கூட்டிட்டுப் போய் படம் புடிச்சுப் பாத்தாங்க. முதுகெலும்பு தேஞ்சிருக்குது, இனிமே தண்ணிக் கொடம் கூடத் தூக்கக் கூடாது, மீறித் தூக்கினா இவங்களே படுத்த படுக்கையாயிடுவாங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்புனாரு. அக்கா தலையத் தலைய ஆட்டிக் கேட்டுட்டு வந்தா. நாலாவது நாளு என்னத் தூக்கிக்கிட்டுப் பின்கட்டுக்குப் போறா. வேணாம்னு நான் கத்தறேன், இவ காதுலயே வாங்கல. அவ பொண்ணு கீழேர்ந்து போன் பண்ணி, எங்கூட வந்து இரும்மா, ஒடம்ப பாத்துக்கலாம்னு அழுவுது. இவ ஒரே பதில்தான் சொல்லுவா, "பாப்பாவ இன்னா பண்றது?" பாப்பான்னா நான்தான். நரை வந்துடுச்சு எனக்கு, இன்னும் பாப்பா.

எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. அவ மேல இல்ல, என் மேலயே. என்னத் தூக்கியே இவ முடமாயிடுவாளோன்னு ராத்திரி பகலா அதே நெனப்பு. அதனால ஜமுனாமரத்தூர்ல மாற்றுத்திறனாளிங்களுக்கு முகாம் போட்டு வீல்சேர் குடுக்கறாங்கன்னு தெரிஞ்சதும் நானே பேரு குடுத்துட்டேன். எனக்கு ஒரு வண்டி வந்தா அவ முதுகு தப்பிச்சுரும். அவ்ளோதான் என் கணக்கு.

முகாம்ல பிசியோதெரபி படிச்ச ஒரு பொண்ணு இருந்துச்சு. கண்ணாடி போட்டு, ஒல்லியா, பேச்சும் மெல்லிசா. குந்துற எடத்தோட அகலத்த அளக்கணும்னு இஞ்ச் டேப்ப எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இந்த மலையில பாதிப் பேர அளந்தவ நானு, என்ன அளக்க நீயான்னு கேட்டேன். டேப்ப மடிச்சு உள்ள வைம்மா, நான் சொல்றேன், எழுதிக்கோன்னேன். என் இடுப்பு அகலம் பதினாலு. லூஸுக்கு ரெண்டு, நாளப்பின்ன ஒடம்பு போட்டா ஆவும்னு ரெண்டு. பதினெட்டு.

அந்தப் பொண்ணு தயங்குச்சு. "அக்கா, ஒரே ஒரு தடவ அளந்து பாத்துக்கறேனே"ன்னுச்சு. நான் விடுவேனா? அளவுன்னா இன்னான்னு அதுக்கு ஒரு பாடமே நடத்திட்டேன். வரிசையில நின்னவங்கள்ல ரெண்டு மூணு பேரு என் ஜாக்கெட்டு போட்டவங்க, அவங்களும் சேந்துக்கிட்டு ஆமா ஆமா, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னாங்க. பதினெட்டுன்னு எழுதிக்கிச்சு. அக்கா எனக்குப் பக்கத்துல பெருமையா நின்னுக்கிட்டு இருந்தா.

ஒன்னற மாசத்துல வண்டி வந்துச்சு. பளபளன்னு இருந்துச்சு. அக்கா அதுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, ஊருக்கே சுண்டல் குடுத்தா. அப்புறமாத் தள்ளிக்கிட்டு வாசலுக்கு வந்தோம். வண்டி உள்ள போவல. குந்துற எடம் பதினெட்டுன்னா ரெண்டு பக்கமும் சக்கரம் சேந்து இருபத்தாறு இஞ்ச் வருது. எங்க வாசக்கதவு ரெண்டு அடி. துணியா இருந்தா மடிச்சுத் தைச்சிருப்பேன், இரும்ப இன்னா பண்றது?

உள்ளதான் போவல, வெளியவாவது ஒதவுச்சான்னா அதுவும் இல்ல. பெரிய அண்டாக்குள்ள போட்ட சின்னக் கரண்டி கணக்கா நான் ஒரு பக்கமாச் சாஞ்சுட்டே இருப்பேன். ரெண்டு பக்கமும் தலகாணி வெச்சாங்க. சக்கரத்தப் புடிக்கணும்னா கோழி ரெக்கைய விரிக்கற மாதிரி கைய அகட்டணும், நாலு சுத்து சுத்துனா தோளு கழண்டுரும். முன்னாடி இருந்த குட்டிச் சக்கரம் ரெண்டும் எங்க ஊரு கல்லுல மாட்டி நின்னுக்கும். அக்கா பின்னாடிலேர்ந்து முக்கி முக்கித் தள்ளுவா. தூக்கறதே தேவலாம்ன்ற மாதிரி ஆயிடுச்சு.

அளவு தப்புன்னு எனக்கு மொத நாளே தெரிஞ்சு போச்சு. ஆனா வாயத் தொறந்து சொல்லல. ஊருக்கே அளவு எடுத்தவ தன் அளவுல தப்பு பண்ணிட்டான்னு எப்படிச் சொல்றது? யாரு கேட்டாலும் நல்லா இருக்குதுன்னேன். போன் பண்ணிக் கேட்ட அந்தப் பொண்ணுகிட்டயும் நல்லா இருக்குதும்மான்னு சொல்லிட்டேன். நாலு மாசம். வண்டி வூட்டுக்கு வெளிய சார்ப்புல நின்னுச்சு, அதுல ஒரு கோழி முட்ட வெச்சு அடகாத்துச்சு. அக்கா பழையபடி என்னத் தூக்க ஆரம்பிச்சுட்டா. என் வறட்டு ஜம்பத்துக்கு அவ முதுகத்தான் அடகு வெச்சேன், வேற இன்னா சொல்றது.

ஒரு நாள் காலையில பின்கட்டுலேர்ந்து வர்றப்போ, படிகிட்ட அவ காலு மடங்கிப் போச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தோம். எனக்கு முட்டி மட்டும் சிராய்ச்சுது. அக்கா குப்புறக் கெடந்தா, அசையல. அக்கா அக்கான்னு கூப்புடறேன், பதில் வரல. நகந்து கிட்ட போயிப் பாத்தா, மண்ணுல மொகத்த வெச்சுக்கிட்டு சத்தம் இல்லாம அழுதுக்கிட்டு இருக்கா. அம்மா செத்தப்போ, மாமா செத்தப்போகூட நெஞ்சுல அடிச்சுக்கிட்டுக் கத்தி அழுதவ அவ. இந்த மாதிரி அழுவ நான் பாத்ததே இல்ல.

அங்கயே சொல்லிட்டேன். வண்டி மேல தப்பு இல்லக்கா, அளவு நான் சொன்னது, அந்தப் பொண்ணு அளக்கறேன்னுதான் சொல்லுச்சு, நான்தான் விடலன்னேன். அடிப்பான்னு நெனச்சேன். அவ மூக்கத் தொடச்சுக்கிட்டு என்ன ஒரு பார்வ பாத்தா. "தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க. போன எடுத்து அந்தப் பொண்ணக் கூப்புடு"ன்னா.

போன்ல நான் இழுத்து இழுத்துச் சொன்னத அந்தப் பொண்ணு முழுசாக் கேட்டுச்சு. நான் அப்பவே சொன்னேன்லன்னு ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு எதனா சொல்லியிருப்பேன், அதுக்கும் வழி இல்லாமப் பண்ணிருச்சு. அடுத்த வாரமே பஸ்ஸு புடிச்சு மலையேறி எங்க வூட்டுக்கு வந்துச்சு.

வந்ததும் டேப்ப எடுக்கல. தரையில எனக்கு எதுத்தாப்புல குந்திக்கிட்டு, காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் இன்னா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டுச்சு. எங்க பல்லு வெளக்குவீங்க, எப்படிக் குளிப்பீங்க, அடுப்புகிட்ட எப்படி ஒக்காருவீங்க, மிஷின்லேர்ந்து எத்தன தடவ நகந்து போவீங்கன்னு. இத்தன வருஷத்துல அத யாரும் எங்கிட்ட கேட்டதில்ல. அப்பால வாசல, பின்கட்டுப் பாதைய, கட்டிலு ஒசரத்த, ரோட்டுக்குப் போற மேட்ட எல்லாம் அளந்து எழுதிக்கிச்சு. கடைசியாத்தான் எங்கிட்ட வந்து, "இப்ப உங்கள அளக்கலாமாக்கா?"ன்னுச்சு.

கையத் தூக்குனேன். ஊர்ல எத்தன பேரு எங்கிட்ட அப்படிக் கையத் தூக்கியிருக்காங்க, எனக்கு அப்படித் தூக்கறது அதான் மொத தடவ. கூச்சமா இருந்துச்சு. பதினாலு வந்துச்சு. லூஸு வெக்க வேணாமான்னு வாய் தானா கேட்டுருச்சு. இது ஜாக்கெட் இல்லக்கா, செருப்பு மாதிரி, பெருசா இருந்தா நடக்க முடியாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அக்கா அடுப்பாண்ட நின்னுக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

ரெண்டு வாரம் கழிச்சு ஜீப்பு வெச்சுக் கீழ அவங்க சென்டருக்குக் கூட்டிட்டுப் போச்சு. அங்க கூடத்துத் தரையில சாக்பீஸால எங்க வூட்டையே வரஞ்சு வெச்சிருந்துச்சு. இது வாசல், இது கட்டிலு, இது அடுப்பு, இது மிஷின். நான் துணியில கோடு போடற மாதிரியே இருந்துச்சு. அந்தக் கோட்டு வூட்டுக்குள்ள ஒவ்வொரு வண்டியா என்ன ஒக்கார வெச்சு ஓட்டச் சொல்லுச்சு. பேட்டரி வண்டி ஒண்ணு இருந்துச்சு, அக்காவுக்கு அது மேல ஒரே ஆசை, மகாராணி மாதிரி இருக்கடின்னா. மழ பேஞ்சா மூணு நாளு கரண்டு இல்லாத ஊருக்கு அதக் கொண்டு போயி இன்னா பண்றது? மூணு சக்கர வண்டி ஒண்ணு கல்லு மேட்டுக்கு அருமையாப் போச்சு. ஆனா நீளம். சாக்பீஸ் வூட்டுல ரெண்டு தடவ அடுப்ப இடிச்சுட்டேன். இன்னொண்ணு வூட்டுக்குள்ள சிட்டாத் திரும்புச்சு, வெளிய விட்டா அதே குட்டிச் சக்கரம், அதே வம்பு.

எல்லாமே சரியா இருக்கற வண்டின்னு ஒண்ணு இருக்காதுக்கா, உங்களுக்கு எது முக்கியம்னு சொல்லுங்க, அதுக்கு ஏத்தத எடுப்போம்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு.

"எங்க அக்கா இனிமே என்னத் தூக்கக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான் முக்கியம்"னேன்.

அக்கா அந்தப் பக்கமாத் திரும்பி, செவுத்துல மாட்டுன காலண்டர ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னா.

அப்படித்தான் இப்ப இருக்கற வண்டி வந்துச்சு. குந்துற எடம் பதினாலு, அரை இஞ்சுதான் எச்சு. ஒசரம் கம்மி, நானே கையூன்றித் தரைக்கு எறங்கி நானே ஏறிக்கலாம். கைப்புடியக் கழட்டி விட்டுட்டுக் கட்டிலுக்கு அப்படியே நகந்துக்கலாம். முன் சக்கரம் ரெண்டும் தடியா இருக்கும், எங்க ஊரு கல்லத் தாண்டும். மேட்டுல கொஞ்சம் கனமாத்தான் இருக்கும், அது பரவால்ல. பழைய வண்டியத் திருப்பிக் குடுத்தோம், அளவு ஒத்து வர்ற வேற யாருக்கோ போச்சு. நெலவாசப்படிய வெட்டிடலாம்னு கொத்தனாரு சொன்னப்போ மட்டும் அக்கா ஒத்துக்கல, லச்சுமி குந்துற எடம்னு ஒத்தக் கால்ல நின்னா. படிக்கு ரெண்டு பக்கமும் சரிவாப் பலகை போட்டோம். வண்டி வாசலத் தாண்டுச்சு. ரெண்டு பக்கமும் ஒரு வெரல் எடம் இருந்துச்சு.

கொஞ்ச நாளு வூட்டுக்குள்ள ஓட்டிப் பழகினேன். ஒரு நாள் காலையில, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, ரோட்டுல பஸ்ஸு நிக்கற எடம் வரைக்கும் நானாப் போய்ட்டு வர்றேன்னு கெளம்பினேன். அக்கா பின்னாடியே வர்றா. நடக்கப் பழகற கொழந்த பின்னால வர்ற மாதிரி ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டே வர்றா. எனக்கு எரிச்சலாயிருச்சு. நில்லு அங்கயே, ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாதுன்னு சத்தம் போட்டேன். நின்னுட்டா.

மேட்டுல தோளு வலிச்சுது. ரெண்டு எடத்துல நின்னு மூச்சு வாங்கினேன். யாரும் தொடாம, யாரு முதுகுலயும் இல்லாம, அந்த ரோட்டுல நான் மொத தடவையா ஒக்காந்திருந்தேன். புளிய மரம் எல்லாம் பூத்திருந்துச்சு. சந்தோசமா இருந்துச்சு, ஆனா அக்கா தோளு மேலேர்ந்து பாத்த ரோடு இது இல்லன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. அதையும் சொல்லணும்ல.

திரும்பிப் பாத்தா அக்கா பாதையில அப்படியே குந்திட்டிருக்கா. முந்தானிய வாயில திணிச்சுக்கிட்டு அழுவுறா. நான் வேகமா எறங்கி வந்தேன். நல்ல காரியம் நடக்கறப்போ இன்னாத்துக்குடி ஒப்பாரின்னு திட்டினேன். அவ கண்ணத் தொடச்சுக்கிட்டு, ஒண்ணு சொன்னாக் கோச்சுக்கக் கூடாதுன்னா. சொல்லித் தொலன்னேன்.

"தெனம் வெளக்கு வெக்கறப்போ சாமிகிட்ட ஒண்ணு வேண்டிக்குவேன், பாப்பா. எனக்கு ஒரு நாளு முன்னாடி உன்ன எடுத்துக்கணும்னு."

எனக்குப் புரிய கொஞ்சம் நேரமாச்சு. "என்னச் சாவச் சொல்லியா வேண்டுன?"

"ஒரே ஒரு நாளு முன்னாடிதான். நான் மொதல்ல போய்ட்டா உன்ன யாரு தூக்குவாங்க?"

எத்தன வருஷமா வேண்டினன்னு கேட்டேன். அம்மா செத்ததுலேர்ந்துன்னு சொன்னா. பிரேக்க போட்டுட்டுக் கைய நீட்டினேன். அவ அதப் புடிச்சுக்கிட்டு மெதுவா எழுந்து, பொடவையில ஒட்டுன மண்ணத் தட்டினா.

"இனிமே வேண்ட மாட்டேன்"னா. "நீ உன் இஷ்டத்துக்கு எப்ப வேணா சாவு."